புயல் என்று சொல்லாதீர்!

"பொருளாதாரப் புயல் வீசுகிறது!" "பங்குச் சந்தையில் சூறாவளி!" "நிதி உலகில் நிலநடுக்கம்!" ஏடுகளைப் பிரித்தால் இப்படித்தான் தலைப்பிடுகின்றனர், எட்டுப் பத்தி அகலத்தில். படிப்பவர் பெருமூச்செறிகின்றனர். புயலை யாரால் தடுக்க முடியும், புலம்புவதன்றி வேறென்ன செய்ய முடியும் என்று ஏட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகின்றனர். தலைப்பிட்டவர் விரும்பியதும் அதுதான்!

புயலைக் கண்ணால் காணாத ஊரிலே போய் இதைச் சொல்லட்டும், பொறுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் கடற்கரையிலே வந்து சொல்லலாமா? 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணி வண்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையின் அடியில் மறைந்தது. பொழுது விடிந்தபோது ஊரைக் காணோம். இரயில் நிலையம் இருந்த இடத்தில் சுவரின் எலும்பு. மாதா கோயில் இருந்த இடத்தில் கூரையற்ற கூடு. இன்றும் சுற்றுலாவினர் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அது புயல். அதற்குத் தலைமை நிலையம் கிடையாது, தலைவர் கிடையாது, கணக்குப் பிள்ளை கிடையாது. எந்தக் காகிதத்திலும் எவர் கையொப்பமும் இட்டு அது அனுப்பப்படவில்லை. கரை கடந்தபின், எஞ்சியவர்களிடம் அது வட்டி கேட்டு வரவும் இல்லை.

உலகப் பொருளாதார நெருக்கடி என்பது அப்படிப்பட்டதா? இல்லை என்கிறோம் நாம். அதற்கு முகவரி உண்டு, தேதி உண்டு, கையொப்பம் உண்டு. அது வந்து சேரும் வழி உண்டு. அந்த வழிகளுள் ஒன்று நம் மண்டபத்தின் வழியாகவே செல்கிறது!

இதை எழுதத் தூண்டியது ஒரு வகுப்பறை. நாம் பள்ளியாசிரியர், சமூக அறிவியல் கற்பிப்பவர். 2025 செப்டம்பரில் ஒரு நாள், 1929ஆம் ஆண்டின் பெருமந்தம் பற்றிய பாடம். அமெரிக்காவில் பங்குகள் சரிந்தன, ஆலைகள் மூடப்பட்டன, பலர் வேலை இழந்தனர் என்று பாடநூல் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். "அமெரிக்காவுல பங்கு விழுந்தா நமக்கென்ன சார்?" என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. விடை சொல்ல வாயெடுக்குமுன், பின் வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "எங்க அப்பா போட்டுக்குப் போறாக சார். இறாலுக்கு வெல இல்லயாம். அமெரிக்காவுல வரி போட்டுட்டாகளாம்னு கம்பெனிக்காரரு சொன்னாராம். அம்மா சங்கிலிய அடகு வச்சிருச்சு."

அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருந்தது? பாடநூல் பத்துப் பக்கத்தில் சொல்லாததை அந்தப் பிள்ளை நான்கே சொற்றொடரில் சொல்லிவிட்டாள். இந்திய இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்ற சினத்தில், 2025 ஆகஸ்டு 27ஆம் நாள் முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரி என்று வாஷிங்டனில் கையொப்பமாயிற்று. கையொப்பமிட்டவர் தங்கச்சிமடத்தைக் கண்டவரல்லர், கேள்விப்பட்டவருமல்லர். ஆனால் அவர் மையின் ஈரம் காயுமுன், இங்கே ஒரு தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைப் பெட்டிக்குள் போயிற்று. எண்ணெய் வாங்கியது யார்? சங்கிலியை இழந்தது யார்?

அதே வகுப்பில் இன்னொரு விடையும் வந்தது. "கலி முத்திருச்சுன்னு எங்க அப்பத்தா சொல்லும் சார்." பிள்ளைகள் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. ஏடுகள் 'புயல்' என்பதற்கும் அப்பத்தா 'கலி' என்பதற்கும் பெரிய வேற்றுமை என்ன? இரண்டும் கையொப்பமிட்டவனை மறைக்கும் திரைகள். அப்பத்தாவுக்காவது எழுத்தறிவு கிடையாது. அவருக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருந்த சமுதாயத்தை நாம் அறிவோம். பட்டம் பெற்றுப் பத்தி எழுதுவோருக்கு என்ன சமாதானம்?

எனவே, மாணவன் கேட்ட கேள்விக்கு இந்தக் கடற்கரையின் வரலாற்றையே விடையாகச் சொல்லத் துணிகிறோம்.

மண்டபம் முகாமை அறியாதார் இம்மாவட்டத்தில் இல்லை. இன்று அது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். வெள்ளையர் காலத்திலோ, இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது! தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்த கங்காணிகள், இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஏழைகளை இங்கே கொணர்ந்து நிறுத்துவர். சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, மருந்து தெளித்து, நோயில்லை என்று உறுதி செய்துகொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாருக்கு அனுப்புவர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் ஆள் ஏற்றுமதி எளிதாயிற்று. கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கட்டிக்கொண்டு கடல் கடந்தவர் எத்தனை ஆயிரம்! மூட்டைக்கு முத்திரை குத்துவதுபோல் மனிதனுக்கு முத்திரை.

1929 அக்டோபரில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. அங்கே மோட்டார் வாங்குவோர் குறைந்தனர். மோட்டார் குறைந்தால் சக்கரம் குறையும், சக்கரம் குறைந்தால் ரப்பர் தேவையில்லை. 1925இல் நியூயார்க்கில் ஒரு ராத்தல் ஒரு டாலருக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் மூன்று சென்ட் அளவுக்கு இறங்கிற்று. நூறு காசுக்கு மூன்று காசு! மலேயாவில் 1930லேயே ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இலங்கையிலும் அதே கதை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதம் என்று அரசே குறைந்த அளவுக் கூலி விதித்திருந்தது. அதிலும் கை வைத்தனர் தோட்டத் துரைமார்கள். குறைந்த அளவு என்று வகுத்ததை மேலும் குறைத்தனர்! வேலையிழந்தவரைத் தனுஷ்கோடி வழியே ஊருக்கு விரட்டினர்.

வந்தவர் கண்டதென்ன? ஊரிலும் நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிருந்தது. விளைந்ததை விற்றால் வரிக்குப் போதவில்லை, வட்டிக்குப் போதவில்லை. விலை பாதியானால் வரியும் பாதியாயிற்றோ? வட்டியும் பாதியாயிற்றோ? அதுதானே வேடிக்கை! உழவன் கையில் இருப்பது மட்டும் சந்தையோடு சேர்ந்து இறங்கும். அவன் கொடுக்க வேண்டியது கல்லில் பொறித்ததுபோல் அப்படியே நிற்கும். வளரும் நாடுகள் என்று இன்று நாகரிகமாகப் பெயரிடப்பட்ட நாடுகள் அனைத்தின் கதையும் இந்த ஒரு முரணுக்குள் அடங்கும். அவை விற்கும் பொருளுக்கு விலை வைப்பவன் வேறொருவன்; அவை பட்ட கடனுக்கு வட்டி வைப்பவனும் வேறொருவன். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, நடுவில் கிழிபடுவது நாடு.

இதிலே இன்னொரு சூழ்ச்சி. 1931 செப்டம்பர் 21இல் பிரிட்டன் தன் பவுனைத் தங்கத்தினின்றும் கழற்றிக்கொண்டது. ரூபாயோ, ஒரு ஷில்லிங் ஆறு பென்சு என்ற கணக்கில் அந்தப் பவுனோடு பிணைத்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று இங்குள்ளோர் கேட்டனர், அவிழ்க்கவில்லை. ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறிற்று. நெல்லுக்கு விலையில்லை, தங்கத்துக்கு விலையுண்டு என்றால் ஏழை எதை விற்பான்? அரைஞாண் போயிற்று, தோடு போயிற்று, தாலிக் கொடியும் போயிற்று. காலங்காலமாகத் தங்கம் வாங்கிக்கொண்டிருந்த நாடு, அன்று தொட்டுச் சில ஆண்டுகள் தங்கம் ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று! உழவன் மனைவியின் காதிலிருந்து கழன்ற தங்கம் இலண்டன் வங்கியின் நிலவறையைச் சேர்ந்து, தள்ளாடிய பவுனைத் தாங்கிப் பிடித்தது. இதற்குப் பெயர் புயலாம். எந்தப் புயலாவது தங்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனது உண்டா?

பிழைக்கப் போனவர் மட்டுமா அடிபட்டனர், பணம் கொடுக்கப் போனவரும் அடிபட்டனர். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் செட்டிநாடும் அடங்கும். பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்தவர் அங்கிருந்து சென்ற நகரத்தார். அரிசி விலை வீழ்ந்தது. பர்மிய உழவனால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காயிருந்த செட்டியார் நிலம், 1930களின் இறுதிக்குள் ஏறத்தாழ நான்கிலொரு பங்காயிற்று. கொடுத்தவர் கேட்டது பணம், வந்தது சேறு. இழந்தவனோ, எதிரே தெரிந்த செட்டியாரைப் பகைத்தான். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. வட்டி வாங்கியவருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் கண்ணீர் கலந்த வரிகள் உண்டு. ஆயினும், அரிசி விலையை வீழ்த்தியவர் இரங்கூனில் இல்லை, காரைக்குடியிலும் இல்லை. வீழ்த்தியவர் கண்ணுக்குத் தெரியவில்லை; வட்டிக் கடை கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவே.

நெருக்கடியின் மிகக் கொடிய விளைவு பசியன்று, இதுதான். அடிபட்டவன் அடித்தவனை விட்டுவிட்டு அருகிலிருப்பவனை அடிக்கிறான். பாக் நீரிணையைப் பாருங்கள். இறால் வெளிநாட்டு மேசைகளில் ஏறத் தொடங்கிய காலத்திலேதான் நம் துறைகளில் இழுவை வலை விசைப்படகுகள் பெருகின. அவற்றின் கடனை அடைக்க இறால் வேண்டும், இறாலைத் தேடி எல்லை தாண்ட வேண்டும். எல்லைக்கு அப்பால் யாழ்ப்பாணத்துச் சிறு படகுக்காரன் வலை அறுந்து நிற்கிறான். இருவரும் தமிழர், இருவரும் ஏழைகள், இருவரும் ஒருவரையொருவர் ஏசுகின்றனர். இறாலைத் தின்றவர் பெயர் எந்த ஏச்சிலும் வருவதில்லை!

விடுதலை பெற்றோமே, அதன் பிறகு? ஆள்பவன் மாறினான், அடகுக் கடை மாறவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக்குப் படை குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறிற்று. வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. உழைக்கப் போன ஒன்றே முக்கால் இலட்சம் இந்தியர் விமானங்களில் திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். கடவுச் சீட்டும் கைப்பையுமாக வந்து இறங்கியவர் எத்தனை பேர்! முன்னரே கடன் சுமையால் தள்ளாடிய நாட்டின் கையிருப்பு, சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. 1991 ஜூலையில் நாடே தன் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன்னை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி அடகு வைத்தது. 1931இல் தாயின் தங்கம் போன அதே ஊர், அறுபது ஆண்டு கழித்துத் தாய்நாட்டின் தங்கமும் போன ஊர். பின் 2008 செப்டம்பர் 15இல் லேமன் நிறுவனம் கவிழ்ந்தது. ஓராண்டுக்குப் பின், கட்டிக்கொண்டிருந்த கோபுரங்களின் கடனைக் கட்ட அவகாசம் கேட்டது துபாய். பாதியில் நின்ற சாரத்திலிருந்து இறங்கி வந்தோரைக் கீழக்கரையும் இராமநாதபுரமும் கண்டன. அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இம்மாவட்டத்தில் தெருவுக்கொருவர் சொல்வார்.

விரித்துச் சொல்ல வேண்டியது 2022.

அவ்வாண்டு மார்ச் 22ஆம் நாள் அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் குழந்தைகளோடு தவித்துக்கொண்டிருந்தவர்களைக் கடலோரக் காவல் படையினர் மீட்டனர். இரவில் இன்னொரு படகில் மற்றுஞ் சிலர் வந்தனர். இரண்டிலுமாகப் பதினாறு பேர். யாழ்ப்பாணத்தவரும் மன்னார்ப் பகுதியினரும். துப்பாக்கிக்கு அஞ்சி வந்தவரல்லர். போர் 2009இலேயே முடிந்துவிட்டது. அரிசி விலைக்கு அஞ்சி வந்தனர், பால்மா விலைக்கு அஞ்சி வந்தனர்! 400 கிராம் பால்மா 790 ரூபாய் என்று விலை வைத்த வாரம் அது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியோர் இருவர் மயங்கி விழுந்து மாண்ட மாதமும் அது. மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வை ஒத்தி வைத்தனர். காரணம் வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை, மை இல்லை. ஆசிரியராகிய நமக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது கை நடுங்கிற்று. படிக்கப் பிள்ளை இருக்கிறது, கேட்கக் கேள்வி இருக்கிறது, காகிதம் வாங்க டாலர் இல்லை.

வந்தவர்களை எங்கே கொண்டுசென்றனர்? மண்டபம் முகாமுக்கு! எந்த மண்டபத்திலிருந்து அவர்கள் போன்றோரின் பாட்டனும் பூட்டனும் தகரச் சீட்டு அணிந்து கப்பலேறினரோ, 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரால் மலையகத் தமிழர் பல்லாயிரவர் எந்த மண்டபத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனரோ, அதே மண்டபம். பின்னர் வந்தவரையும் சேர்த்தால் இருநூறுக்கும் மேல். இவர்களுக்கு என்ன பெயர்? இனத்தாலோ மதத்தாலோ அரசியல் கருத்தாலோ துன்புறுத்தப்படுவோம் என்றஞ்சி ஓடி வருவோரே அகதி என்கிறது 1951ஆம் ஆண்டு உலக ஒப்பந்தம். அதில் இந்தியா கையொப்பமிடவும் இல்லை. பசி என்ற சொல் அந்த வரையறையில் இடம்பெறவும் இல்லை. துப்பாக்கி துரத்தினால் அகதி. வட்டி துரத்தினால்?

ஆம், வட்டிதான் துரத்திற்று. 2007இல் இலங்கை முதன்முறையாக உலகச் சந்தையில் கடன் பத்திரம் விற்றது. 50 கோடி டாலர், 8.25 விழுக்காடு வட்டி. இனித்தது. மேலும் மேலும் விற்றது. 2019இல் குண்டு வெடிப்பு, 2020இல் கொரோனா, சுற்றுலா படுத்தது. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமும் சுருங்கிற்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். எண்ணெயும் கோதுமையும் ஏறின. அமெரிக்க மைய வங்கி தன் நாட்டு விலைவாசியை அடக்க வட்டியை உயர்த்தத் தொடங்கியது மார்ச்சில். அங்கே வட்டி ஏறினால், உலகெங்கும் உள்ள டாலர் அந்தப் பக்கம் திரும்பும், தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போவதுபோல.

"இலங்கை ஆட்சியாளர் செய்த மடமைக்கு உலகத்தை ஏன் பழிக்கிறீர்?" என்று கேட்பார் உளர். அவர்தம் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. 2019 இறுதியில் வரியை வெட்டிக் கருவூலத்தைக் காலியாக்கியது மடமைதான். 2021இல் ஒரே ஆணையால் உரத்தைத் தடை செய்து விளைச்சலைச் சாய்த்தது அதனினும் பெரிய மடமை. ஒரு குடும்பமே அமைச்சரவையாக அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால், அதே ஐந்தாண்டுக்குள் ஜாம்பியா கடன் கட்டத் தவறிற்று, கானா தவறிற்று. அங்கெல்லாம் அந்தக் குடும்பமா ஆண்டது? 1982இல் மெக்சிகோ விழுந்தபோது யார் ஆண்டனர்? அன்றும் அமெரிக்க வட்டி ஏறியிருந்தது. மடமை உள்ளூரில் விளையலாம். ஆனால் மடையனுக்குக் கடன் கொடுத்து, அதிக வட்டி பேசி, ஆபத்துக்கும் சேர்த்துத்தான் இந்த வட்டி என்று முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர், ஆபத்து வந்ததும் முழு முதலையும் கேட்பது எந்த நியாயம்?

இதோ, நாம் சொன்ன தேதி. 2022 ஜனவரி 18. அந்நாள் இலங்கை, முதிர்ந்த ஒரு கடன் பத்திரத்துக்கு 50 கோடி டாலர் எண்ணிக் கொடுத்தது. ஊரிலே பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. கட்டாதீர், அந்தப் பணத்தில் உணவும் மருந்தும் வாங்குங்கள் என்று அறிந்தோர் பலர் வேண்டினர். கட்டினர். அறுபத்து மூன்று நாள் கழித்து, அரிச்சல்முனை மணல் திட்டில் குழந்தைகள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட இயலாது என்று அறிவிப்பு. மே மாதம், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே ஒப்புக்கொண்டார். ஜனவரியில் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு! கடன்காரனுக்குத் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்தது. குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை. இதில் புயல் எங்கே வந்தது? பத்திரம் வந்தது, தேதி வந்தது, கையொப்பம் வந்தது.

தமிழ்நாடு வாளாவிருக்கவில்லை. 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பொடியும் மருந்தும் அனுப்ப முடிவு செய்து, 2022 மே 18இல் முதல் கப்பலைச் சென்னையிலிருந்து அனுப்பிற்று. அனுப்பியது நன்று. ஆனால் அரிசி வயிற்றுக்குப் போகும். வட்டியை அது நிறுத்தாது.

பிறகு வந்தார் பன்னாட்டு நிதியத்தார், மருத்துவர் வேடத்தில். 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டாலர், நான்காண்டில், தவணை தவணையாக, தவணைதோறும் தேர்வு வைத்து. மருந்துச் சீட்டில் எழுதியது வரவைப் பெருக்கு, செலவைச் சுருக்கு, கட்டணத்தை ஏற்று என்பது. மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடு உயர்ந்தது. மதிப்புக் கூட்டு வரி 8இலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளுக்கு விலக்களித்துத் தொழிலாளரின் சேமலாப நிதியின்மீது சுமையை இறக்கினர். வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த ஓய்வுக் காலப் பணம்! 2022இல் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது கரையில் நின்றதும் வடக்கின் சிறு படகுகளே.

இதே மருத்துவம் பணக்கார நாட்டுக்கு எப்படி நடந்தது தெரியுமா? 2008இல் அமெரிக்க வங்கிகள் தாமே தோண்டிய குழியில் தாமே விழுந்தன. அப்போது அங்கே கூடினர் செனட்டர்கள். சில வாரங்களிலேயே 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கச் சட்டம் செய்தனர். மின் கட்டணத்தை ஏற்று என்று அவர்களிடம் சென்று சொன்னவர் எவர்? அவர்கள் டாலரை அவர்களே அச்சிடுவர். நாமும் இலங்கையும் கானாவும் அதை இறால் விற்று, தேயிலை விற்று, கோக்கோ விற்று, பிள்ளைகளைப் பாலைவனத்துக்கு அனுப்பித்தான் சம்பாதிக்க வேண்டும். நிதியத்திலே முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும் என்பது விதி. அமெரிக்காவிடம் இருப்பதோ 16 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதாவது, அந்த ஒருவர் தலையாட்டாமல் ஒன்றும் நடவாது! 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கு 3 விழுக்காடுகூட இல்லை. மனுநீதி நம்மூரில் மட்டுந்தான் உண்டென்று எண்ணியிருந்தோம்.

இராமேசுவரத்துக்கு இன்னலகல வருவோர் அனேகர். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொள்கின்றனர். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. ஆனால், எத்தனை வாளி ஊற்றினாலும் டாலர் இறங்காது தோழர்களே! சனிப் பெயர்ச்சிப் பலனில் அமெரிக்க மைய வங்கியின் கூட்ட நாள் எழுதப்பட்டிருக்கவில்லை. தொழிலில் நட்டம் வந்தவன் சோதிடரிடம் போகிறான். அவர் அவனுடைய நேரம் சரியில்லை என்கிறார். சரியில்லாதது அவன் நேரமன்று. அவன் பொருளுக்கு விலை சொன்னவனின் கணக்கு.

என்ன செய்வது என்பீர்கள். உலக நிதியத்தை ஓர் இரவில் மாற்றிவிடலாம் என்று வாய்ப்பந்தல் போட நாம் வரவில்லை. அது நாடுகள் கூடிப் போராட வேண்டியது. போராடட்டும், நாமும் குரல் கொடுப்போம். ஆனால் இந்தக் கரையிலேயே செய்யத் தக்கவை உண்டு. பாம்பனில் ஒரு வழக்கம் இருக்கிறது. வங்கக் கடலில் எங்கோ தொலைவில் காற்றழுத்தம் தாழ்ந்தாலே போதும், துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டை ஏற்றுவர். எழுத்தறியாத மீனவனும் அண்ணாந்து பார்த்துப் படகைக் கரையேற்றுவான். உண்மைப் புயலுக்கு ஏழைக்கும் முன்னறிவிப்பு உண்டு. பொய்ப் புயலுக்கு? பணமுடையவன் முன்பே அறிந்துகொள்கிறான், பத்திரத்தை விற்றுவிட்டுப் போகிறான். கடைசியில் அறிபவன் கடலில் இருப்பவன்.

அந்தக் கூண்டை நாம் ஏற்ற வேண்டும். வெளிநாடு சென்று வேலையிழந்து மீள்வோருக்கு ஊர் திரும்பியதும் கைகொடுக்கும் நிதியொன்று வேண்டும்; அவர்கள் அனுப்பிய பணத்தை எண்ணி மகிழ்ந்த அரசுகளுக்கு அந்தக் கடமை உண்டு. இறாலும் கணவாயும் நண்டும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே விலைபோக வேண்டும். விலை வீழும்போது தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடும் அதனோடு சேர வேண்டும். பசியால் கடல் கடந்து வந்தவரைப் பதிந்துகொள்ளத் தக்க சட்டப் பெயர் ஒன்று வேண்டும். மண்டபத்தில் இருக்கும் பிள்ளை, நான் யார் என்று கேட்டால் விடை சொல்ல வேண்டாமா?

இவற்றுக்கெல்லாம் மனுக் கொடுப்போம், மாநாடு கூட்டுவோம். அதற்கு முன், மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேலை. படிப்பகத்து வாசலில் கரும்பலகை இருக்கிறதல்லவா? திருக்குறளுக்குக் கீழே ஒரு முழம் இடம் ஒதுக்குங்கள். இன்று கரையில் இறால் கிலோ என்ன விலைக்கு ஏலம் போயிற்று, அதே இறால் கப்பலேறும்போது என்ன விலை, டாலர் எத்தனை ரூபாய், டீசல் எத்தனை ரூபாய் என நான்கு எண்கள் எழுதுங்கள், நாள்தோறும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவர். நம் வகுப்பில் இருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டனர். அவர்களுள் ஒருத்தி, பின் வரிசைப் பெண்பிள்ளை. ஏலக் கடைக்குச் சென்று விலை கேட்டுவரத் தந்தையையும் அழைத்துக்கொண்டு போவாளாம். இரண்டாம் எண்ணை யாரிடம் கேட்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்காரர் சொல்ல மாட்டாராம்.